நாற்பதுக்குப் பிறகு மீண்டும் கல்லூரி: ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண்களுக்கான உதவித்தொகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்லாண்டாவில் ஒரு பொது நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில், கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவி செய்து வருகிறேன். என் மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அல்ல. நாற்பது, ஐம்பது வயதான ஆப்பிரிக்க-அமெரிக்கப் பெண்கள்தான் அதிகம். ஒருவர் ஆஸ்பத்திரியில் நர்சிங் உதவியாளர், இன்னொருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், மற்றொருவர் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார். இருபது வயதில் கல்லூரிக்குப் போய், குழந்தை, அம்மாவின் நோய், பணமுடை என்று ஏதோ ஒன்றால் பாதியில் நின்றவர்கள். இப்படிப் படிக்கத் தொடங்கி, பட்டமோ சான்றிதழோ வாங்காமல் விட்டவர்கள் அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேல்.

இவர்களோடு வேலை பார்க்கும் தமிழர்களும் என்னிடம் கேட்பதுண்டு: "எங்கள் வார்டில் ஒரு அக்கா மறுபடி படிக்க ஆசைப்படுகிறார், அவரை எங்கே அனுப்புவது?" திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை அதனால் தமிழிலேயே எழுதி வைக்கிறேன்.

நடுவயதுக் கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் என்று தனி உதவித்தொகை இருக்கிறதா?

மிகவும் குறைவு. இணையத்தில் இதைத் தேடினால் நூறு பெயர் கொண்ட பட்டியல்கள் வரும். திறந்து பார்த்தால் பாதி, பள்ளி முடிக்கும் மாணவிகளுக்கானவை. மீதியில் பல எப்போதோ நின்றுபோனவை. இதைப் பார்த்துவிட்டு "நமக்கு ஒன்றும் இல்லை" என்று சோர்ந்துபோகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பணம் இருக்கிறது, ஆனால் வேறு பெயர்களில் இருக்கிறது. குறைந்த வருமானம், 35 வயதுக்கு மேல், குடும்பத்தைத் தாங்கும் பெண், படிப்பு தடைப்பட்டவர், இந்த மாநிலத்தில் குடியிருப்பவர், இந்த நிறுவனத்தில் வேலை செய்பவர் என்ற தலைப்புகளில் தேட வேண்டும். ஒரே பெண்ணுக்கு இதில் நான்கைந்து பொருந்தும். பெரிய தொகை ஒன்றே வந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. சிறியவை சேர்ந்துதான் ஒரு வருடக் கட்டணம் ஆகும்.

சரி, முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஃபாஃப்சா. கூட்டாட்சி அரசின் மாணவர் உதவிக்கான இலவச விண்ணப்பம் அது. ஸ்டூடன்ட்எயிட் டாட் ஜிஓவி என்ற அரசுத் தளத்தில் நிரப்ப வேண்டும். வேறு எந்தத் தளத்திலும் காசு கொடுத்து நிரப்பத் தேவையில்லை. வழக்கமாக அக்டோபர் 1-ஐ ஒட்டி அடுத்த கல்வியாண்டுக்கான படிவம் திறக்கும்.

இதற்கு வயது வரம்பே கிடையாது. 24 வயதைத் தாண்டியவர்கள் பெற்றோரின் வருமானத்தைக் காட்ட வேண்டியதில்லை. தன் வருமானம், திருமணமாகியிருந்தால் கணவரின் வருமானம், வீட்டில் எத்தனை பேர் என்பவைதான் கணக்கு. சம்பளம் கொஞ்சமாக இருந்து பிள்ளைகளும் இருந்தால் அரசுக் கணக்கில் உதவி பெறும் தகுதி நன்றாகவே வரும்.

ஒரு விஷயம். படிவம் இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக் கணக்கைத்தான் பார்க்கும். அதற்குப் பிறகு வேலை போயிருந்தாலோ, விவாகரத்து ஆகியிருந்தாலோ, கணவர் இறந்திருந்தாலோ கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். ஆவணங்களைப் பார்த்துக் கணக்கை மாற்றும் அதிகாரம் அவர்களுக்குச் சட்டப்படி உண்டு. கேட்காமல் யாரும் தானாக மாற்றுவதில்லை.

பெல் கிராண்ட் என்றால் என்ன, எவ்வளவு கிடைக்கும்?

திருப்பிக் கட்ட வேண்டாத அரசு மானியம். 1972-இல் தொடங்கியது. ரோட் ஐலண்ட் செனட்டர் கிளைபோர்ன் பெல்லின் பெயர் பின்னர் சூட்டப்பட்டது. 2025-26 கல்வியாண்டில் உச்சத் தொகை 7,395 டாலர். பல கம்யூனிட்டி காலேஜ்களில் (இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர்ப் பொதுக் கல்லூரிகள்) ஒரு வருடக் கட்டணத்துக்கு இது போதும், புத்தகத்துக்கும் மிஞ்சும். பகுதிநேரமாகப் படித்தாலும் அதற்கேற்ற விகிதத்தில் தருவார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

இளங்கலைப் பட்டம் ஏற்கெனவே வாங்கியிருந்தால் பெல் கிடைக்காது. வாழ்நாளில் முழுநேரப் படிப்பு 6 வருடத்துக்குச் சமமான அளவுதான் உச்ச வரம்பு. இருபது வருடத்துக்கு முன்பு இரண்டு வருடம் வாங்கியிருந்தால் அது கழியும். ஆனால் அப்போது படித்த கல்லூரி மூடப்பட்டுப் படிப்பு நின்றிருந்தால், அந்தக் காலத்தைத் திருப்பிக் கணக்கில் சேர்த்துத் தருகிறார்கள். 2026 ஜூலை முதல் 8 வாரத்துக்குக் குறையாத, 15 வாரத்துக்கு உட்பட்ட தொழிற்பயிற்சிகளுக்கும் பெல் உதவியை விரிவாக்கச் சட்டம் வந்திருக்கிறது.

பழைய கல்விக்கடனைக் கட்டாமல் விட்டுவிட்டேன். இனி எனக்குக் கதவு மூடியதா?

இல்லை. என் மேசையில் குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கல்விக்கடன் சுமை அமெரிக்காவில் வேறெந்தப் பிரிவினரையும்விடக் கறுப்பினப் பெண்கள் மேல்தான் கனமாக விழுந்திருக்கிறது. குடும்பச் சொத்து இல்லாததால் அதிகம் கடன் வாங்க வேண்டியிருந்தது. படித்த பிறகும் சம்பளம் குறைவு என்பதால் அடைப்பது மெதுவானது. வட்டி ஏறிக்கொண்டே போனது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரசுக் கடன் 270 நாள் கட்டப்படாமல் இருந்தால் 'டிஃபால்ட்' நிலைக்குப் போகும். அந்த நிலையில் பெல் உட்பட எந்தக் கூட்டாட்சி உதவியும் வராது. வெளியே வர இரண்டு வழி. ஒன்று, 'ரீஹாபிலிடேஷன்': 10 மாதத்துக்குள் 9 தவணைகளை உரிய நேரத்தில் கட்டுவது. தவணை உங்கள் வருமானத்தைப் பொறுத்தது. வருமானம் மிகக் குறைவாக இருந்தால் மாதம் 5 டாலராகக்கூட இருக்கலாம். இதில் தொடர்ந்து 6 தவணை கட்டியதுமே உதவி பெறும் தகுதி திரும்பிவிடும். இரண்டாவது, பழைய கடன்களை ஒன்றாக்கும் 'கன்சாலிடேஷன்'. இது வேகமானது, ஆனால் டிஃபால்ட் ஆன தடம் கடன் வரலாற்றில் இருக்கும். கல்லூரி தொடங்க இரண்டு மாதமே இருக்கிறது என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

படித்த கல்லூரி மூடப்பட்டிருந்தாலோ உங்களை ஏமாற்றியிருந்தாலோ கடன் முழுதும் ரத்தாகவும் வாய்ப்புண்டு. 2015-இல் மூடப்பட்ட கொரிந்தியன் கல்லூரிக் குழுமத்தில் படித்த சுமார் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனைக் கல்வித்துறை 2022-இல் ஒரேயடியாக ரத்து செய்தது. அந்தப் பட்டியலில் தன் பெயர் இருப்பதே தெரியாமல் வருகிறவர்கள் உண்டு. முதலில் அரசுத் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். அஞ்சியபடி இருக்காது, பல நேரம்.

பழைய கல்லூரி என் டிரான்ஸ்கிரிப்ட்டைத் தர மறுக்கிறது. பாக்கி இருக்கிறதாம்.

பார்க்கிங் அபராதம், நூலகப் புத்தகம் போன்ற சின்னப் பாக்கிக்காக மதிப்பெண் சான்றை நிறுத்தி வைத்த காலம் நீண்டது. கலிஃபோர்னியா, நியூயார்க் உள்ளிட்ட பல மாநிலங்கள் இதைத் தடை செய்துவிட்டன. தடை இல்லாத இடத்திலும் எழுத்து மூலம் கேளுங்கள். திரும்பி வந்து சேர்பவருக்குப் பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும் கல்லூரிகள் உண்டு.

அப்போது மதிப்பெண் மிக மோசம். அது இப்போதும் துரத்துமா?

அதே கல்லூரிக்குத் திரும்பினால் துரத்தும். அரசு உதவிக்கு 'திருப்திகரமான கல்வி முன்னேற்றம்' என்று ஒரு நிபந்தனை உண்டு. அதற்கு மேல்முறையீடும் உண்டு: அப்போது என்ன நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று ஒரு பக்கக் கடிதம், ஆதாரத்தோடு. பிரசவ ஆவணம், அம்மாவின் மருத்துவச் சீட்டு எதுவானாலும் சரி. பல கல்லூரிகளில் பழைய மோசமான மதிப்பெண்களைக் கணக்கிலிருந்து விலக்கும் விதியும் இருக்கிறது. அதைக் கேட்டுப் பாருங்கள்.

பெண்களுக்கென்று, அதுவும் வயது வந்த பெண்களுக்கென்று உள்ள உதவித்தொகைகள் எவை?

எனக்கு மிகப் பிடித்தது ஜெனெட் ராங்கின் அறக்கட்டளை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு முதன்முதலில் 1916-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் ராங்கின். தன் சொத்தில் ஒரு பகுதியை, வேலை இழந்து நிற்கும் வயது வந்த பெண் தொழிலாளர்களுக்காக விட்டுப் போனார். அதைக் கொண்டு 1976-இல் எங்கள் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் ஊரில் தொடங்கியதுதான் இந்த அறக்கட்டளை. 35 வயதுக்கு மேற்பட்ட, வருமானம் குறைந்த பெண்கள் தொழிற்படிப்புக்கோ இரண்டாண்டுப் பட்டத்துக்கோ முதல் இளங்கலைப் பட்டத்துக்கோ விண்ணப்பிக்கலாம். இங்கே நாற்பத்தெட்டு வயது என்பது குறையே இல்லை, அதுதான் தகுதி.

அடுத்தது சொராப்டிமிஸ்ட் அமைப்பின் 'லிவ் யுவர் ட்ரீம்' விருது. குடும்பத்தின் முக்கியப் பொருளாதாரப் பொறுப்பைச் சுமக்கும் பெண்ணுக்கு. சுமப்பது பிள்ளைகளாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, வயதான பெற்றோரும் கணக்கில் வருவார்கள். உள்ளூர்க் கிளை, மண்டலம், சர்வதேசம் என்று படிப்படியாகப் போகும். மேல்மட்டத்தில் 10,000 டாலர். பணத்தைக் கட்டணத்துக்கு மட்டுமல்ல, பெட்ரோலுக்கும் குழந்தை பார்த்துக்கொள்ளவும் செலவழிக்கலாம். ஆகஸ்ட் முதல் நவம்பர் 15 வரை விண்ணப்பிக்கலாம். முதுகலைக்கு இல்லை.

பி.ஈ.ஓ. என்ற பெண்கள் அமைப்பு, படிப்பு குறைந்தது 24 மாதம் தடைப்பட்டு, இப்போது முடிக்கும் தறுவாயில் இருக்கிற பெண்களுக்கு 1973 முதல் மானியம் தருகிறது. உள்ளூர்க் கிளை ஒன்று பரிந்துரைக்க வேண்டும். உறுப்பினர் யாரையும் தெரியாது என்று தயங்க வேண்டாம், அமைப்பின் தளம் வழியாகவே கிளையைத் தொடர்புகொள்ளலாம். பட்டம் ஏற்கெனவே இருந்து தொழில் மாற நினைப்பவர்கள், 1881-இல் தோன்றிய அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கத்தின் தொழில் மேம்பாட்டு மானியத்தைப் பார்க்கலாம். சிறு பிள்ளைகள் உள்ள ஏழைத் தாய்மார்களுக்கு பாட்ஸி மின்க் அறக்கட்டளை வருடத்துக்கு ஐந்து பேர் வரை 5,000 டாலர் தருகிறது. ஐந்தே பேர் என்பதால் அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

கறுப்பினச் சமூகத்தின் சொந்த அமைப்புகள் உதவுமா?

உதவும். ஆனால் வாசல் தேசிய அளவில் அல்ல, உங்கள் ஊரில். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908-இலும், டெல்டா சிக்மா தீட்டா 1913-இலும், ஜீட்டா ஃபை பீட்டா 1920-இலும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகள் தொடங்கிய சங்கங்கள். சிக்மா காமா ரோ 1922-இல் இண்டியானாபொலிஸில் தோன்றியது. பட்டம் பெற்ற பின்னும் உறுப்பினர்கள் வாழ்நாள் முழுதும் சங்கத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஊர்க் கிளையும் நிதி திரட்டி உதவித்தொகை தருகிறது. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் கல்வி அறக்கட்டளை உறுப்பினர் அல்லாதவர்களிடமும் விண்ணப்பம் வாங்குகிறது. கிளைகளின் உதவி பெரும்பாலும் பள்ளி முடிப்பவர்களுக்குத்தான். அதனால் விளம்பரத்தைப் பார்த்து ஒதுங்காமல், "வயது வந்தவர்களுக்கும் தருவீர்களா?" என்று நேரிலேயே கேளுங்கள்.

சர்ச்சும் அப்படித்தான். விளம்பரமே இல்லாத 300, 500 டாலர் உதவிகள் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில்தான் வரும். கறுப்பின மாணவர்களுக்காக 1944 முதல் இயங்கும் யூஎன்சிஎஃப் என்ற கல்வி நிதி அமைப்பு பல உதவித்தொகைகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கிறது. அதன் தளத்தில் ஒரு கணக்கு தொடங்கி வைப்பது நல்லது.

இன அடிப்படையிலான உதவித்தொகைகள் இப்போது சட்டப்படி செல்லுமா?

களம் மாறிக்கொண்டிருக்கிறது. 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது. அது சேர்க்கை பற்றிய தீர்ப்பு. ஆனாலும் பல கல்லூரிகள் உதவித்தொகை விதிகளையும் மாற்றி எழுதின. 2024-இல் அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட், கறுப்பினப் பெண்களின் தொழில்களுக்குத் தந்த 20,000 டாலர் மானியத்தை வழக்கில் சிக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. அடிமை முறை ஒழிந்ததும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் காக்க 1866-இல் வந்த சட்டமே அங்கே அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டது. இதை எழுதும்போதும் மனம் கசக்கிறது. 2025 பிப்ரவரியில் கல்வித்துறை உதவித்தொகைகளையும் சேர்த்து எச்சரித்து ஒரு கடிதம் அனுப்பியது. ஆகஸ்டில் மேரிலாந்தில் ஒரு கூட்டாட்சி நீதிபதி அதை ரத்து செய்தார்.

உங்களுக்கு இதன் பொருள்: பழைய பெயரில் தேடினால் கிடைக்காத உதவி, புதிய பெயரில் அதே இடத்தில் இருக்கலாம். "கறுப்பினப் பெண்களுக்கு" என்பது "முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு" என்றோ "சமூகத்துக்கு உழைத்தவர்களுக்கு" என்றோ மாறியிருக்கும். விண்ணப்பக் கட்டுரையில் உங்கள் வாழ்க்கையையும், இனம் அதில் எப்படிப் பங்கெடுத்தது என்பதையும் எழுதத் தடை இல்லை.

வயது வந்த பெண்களை வரவேற்கும் கல்லூரிகள்?

கறுப்பின மாணவர்களுக்காகவே அந்நாளில் தொடங்கப்பட்ட 'வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள்' சுமார் நூறு இருக்கின்றன. அட்லாண்டாவின் ஸ்பெல்மன், கறுப்பினப் பெண்களுக்கென்றே உள்ள கல்லூரி. இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்களுக்காகப் பாலின் டிரேக் பெயரில் அங்கே ஒரு திட்டம் இருக்கிறது. வடகிழக்கில் ஸ்மித் கல்லூரியின் அடா காம்ஸ்டாக் திட்டம் 1975 முதல் நடக்கிறது. மவுண்ட் ஹோலியோக்கில் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் திட்டம். செல்வம் உள்ள கல்லூரிகள் என்பதால் நிதியுதவியும் தாராளம். அறிவிக்கப்பட்ட கட்டணத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறைந்த வருமானக்காரர் உண்மையில் கட்டுவது அதைவிட வெகு குறைவு.

என் மாநிலம் ஏதாவது தருமா?

இது பலர் தவறவிடும் இடம். டென்னசி ரீகனெக்ட் 2018 முதல், பட்டம் இல்லாத வயது வந்தவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தை ஏற்கிறது. மிச்சிகன் ரீகனெக்ட் 2021-இல் 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக வந்தது. மாசசூசெட்ஸ் 2023-இல் தொடங்கியது. நியூயார்க் 2025 முதல், 25 முதல் 55 வயது வரையானவர்களுக்கு, தேவை அதிகமுள்ள துறைகளில் தருகிறது. இவற்றில் பலவும், பெல் போக மீதியைத்தான் நிரப்பும். அதனால் இதற்கும் ஃபாஃப்சா வேண்டும்.

ஜார்ஜியாவில் லாட்டரிப் பணத்தில் ஓடும் ஹோப் கிராண்ட் இருக்கிறது. ஹோப் ஸ்காலர்ஷிப்போடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்காலர்ஷிப்புக்குப் பள்ளி முடித்துக் குறிப்பிட்ட வருடங்களுக்குள் என்ற கெடு உண்டு. டெக்னிக்கல் கல்லூரிச் சான்றிதழ், டிப்ளமோ படிப்புகளுக்கான கிராண்டுக்கு அந்தக் கெடு இல்லை. படிப்பின் பெரும்பகுதியை முடித்துவிட்டுப் பணத்தால் நிற்பவர்களுக்கு 2,500 டாலர் வரை தரும் நிறைவு மானியமும் 2022 முதல் இருக்கிறது.

வேலை பார்க்கும் இடத்தில் கேட்கலாமா?

அவசியம் கேளுங்கள். முதலாளி தரும் கல்வி உதவியில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது. ஆஸ்பத்திரிகள், வால்மார்ட், அமேசான், ஸ்டார்பக்ஸ் எல்லாம் ஏதோ ஒரு வடிவில் தருகின்றன. பகுதிநேர ஊழியருக்கும் சில இடங்களில் உண்டு. வேலை இழந்தவர்கள், கணவரின் வருமானத்தை நம்பியிருந்து அது நின்றுபோனவர்கள், அமெரிக்க வேலை மையத்தில் பயிற்சி நிதி கேட்கலாம்.

கட்டணம் சமாளித்துவிடலாம். சாப்பாடு, குழந்தை, பஸ்?

படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் இவைதான். வளாகக் குழந்தைக் காப்பகம், மாநிலத்தின் காப்பக மானியம், கல்லூரியின் அவசர நிதி மூன்றையும் சேரும் நாளிலேயே விசாரியுங்கள். கார் பழுதான அன்று தேடக் கூடாது. உணவு உதவி அட்டைக்குக் கல்லூரி மாணவர்கள் மேல் ஒரு தடை உண்டு. ஆனால் அந்தத் தடை 18 முதல் 49 வயது வரைதான். 50 ஆனவர்களுக்கு அது பொருந்தாது. 6 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கும் விலக்கு உண்டு.

இன்னொன்று: உதவித்தொகையை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்தால் அந்தப் பகுதிக்கு வருமான வரி உண்டு. கட்டணம், கட்டாயப் புத்தகங்களுக்கு இல்லை.

வெளியே உதவித்தொகை வாங்கினால் கல்லூரி தன் உதவியைக் குறைக்குமா?

குறைக்கக் கூடும். கஷ்டப்பட்டு வாங்கிய 2,000 டாலர் கல்லூரியின் கணக்கில் கரைந்துபோவதைப் பார்த்தால் அழுகை வரும். 2017-இல் மேரிலாந்து முதல் மாநிலமாக இதைக் கட்டுப்படுத்தியது, சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மானியத்தைக் குறைக்காமல் கடனைக் குறைக்கும்படி நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள். ஒப்புக்கொள்பவர்கள் உண்டு.

எதைக் கண்டு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

'அம்மாக்கள் படிக்கத் திரும்ப வேண்டும் என்கிறார் ஒபாமா, 10,000 டாலர் பெறுங்கள்' என்று ஒரு காலத்தில் விளம்பரம் ஓடியது. அப்படி ஓர் அரசுத் திட்டமே இல்லை. பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்கி, லாப நோக்கக் கல்லூரிகளுக்கு விற்பதுதான் அதன் வேலை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் கறுப்பினத் தாய்மார்களைக் குறிவைத்தே அந்தக் கல்லூரிகளில் சில ஆள் பிடித்தன. விண்ணப்பக் கட்டணம் கேட்டாலோ, பணம் நிச்சயம் என்றாலோ, இன்றே கையெழுத்துப் போடச் சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள். பள்ளி ஆசிரியர் ஆவதற்கான டீச் கிராண்ட் உண்மையான அரசு மானியம்தான். ஆனால் சொன்னபடி குறிப்பிட்ட பள்ளிகளில் வேலை செய்யாவிட்டால் அது வட்டியோடு கடனாக மாறிவிடும்.

இந்த வயதில் இது தேவைதானா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அடிமையாகப் பிறந்த அன்னா ஜூலியா கூப்பர் 1925-இல் பாரிஸின் சார்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டை நிலைநாட்டியபோது அவருக்கு வயது 66. வேலை பார்த்துக்கொண்டே, உறவினர் வீட்டுக் குழந்தைகள் ஐந்து பேரை வளர்த்துக்கொண்டே படித்தார். கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தின் ஆசான் செப்டிமா கிளார்க் 1942-இல் இளங்கலைப் பட்டம் பெற்றார், நாற்பத்து நான்கு வயதில். நான்கு வருடம் கழித்து முதுகலை. இவர்களைப் பற்றி வீட்டில் சொல்லுங்கள்.

இங்குள்ள தமிழ்ப் பெண்களுக்கும் இவை பொருந்துமா?

குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் ஃபாஃப்சா, பெல் பொருந்தும். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர்களுக்குக் கூட்டாட்சி உதவி இல்லை.

உதவிக்கு ஒரு ஆள் வேண்டும். யாரிடம் போவது?

'எஜுகேஷனல் ஆப்பர்சூனிட்டி சென்டர்' என்ற கூட்டாட்சி நிதி மையங்கள் வயது வந்தவர்களுக்காகவே இருக்கின்றன, இலவசம். அது அருகில் இல்லையென்றால் கம்யூனிட்டி காலேஜின் நிதியுதவி அலுவலகம், அப்புறம் பொது நூலகம். போகும்போது வரிக் கணக்கு, சமூகப் பாதுகாப்பு எண், பழைய கல்லூரிகளின் பெயர், பழைய கடன் கடிதங்கள், பிரிக்காத உறைகளாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். உறைகளை அங்கே உட்கார்ந்து சேர்ந்தே பிரிக்கலாம்.